தையல் மெஷின் பக்கத்தில் கேட்ட பாடங்கள்

இன்று மதிய இடைவேளையில் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறை மேசைமேல் ஒரு புதுப் பருத்திப் புடவையைப் பிரித்தார். கஞ்சி வாசனை அறை முழுக்கப் பரவியது. நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

"ஃபால்ஸ் தைக்க நல்ல ஆள் யாராவது தெரியுமா? போன தடவை தச்சது கரையெல்லாம் சுருக்கு சுருக்கா நிக்குது."

"ஒருத்தவங்க இருந்தாங்க டீச்சர்."

"இருந்தாங்கன்னா? வீடு மாத்திட்டாங்களா?"

"இல்ல. இறந்துட்டாங்க."

அவர் ஐயோ என்று சொல்லிவிட்டு, புடவையை மடித்துப் பைக்குள் வைத்தார். கடைசி பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. காலியாகக் கிடந்த பத்தாம் வகுப்பில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை என்பது தெரியும். நீங்கள் எப்போதுமே என்னைக் கேட்டவர். படித்தவர் இல்லை.

பாலக்கரையில் உங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தின் கடைசி வீடு. முன்னறையில் மெஷின், சுவரோரம் பிறருடைய புதுப் புடவைகள், அதே கஞ்சி வாசனை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் நூல்கண்டு டப்பா. டப்பாமேல் சாய்த்துவைத்த போன். அந்தப் போனுக்குள் நான் முதல் உலகப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். நீங்கள் குனிந்தபடி யாருடைய கல்யாணப் புடவைக்கோ ஃபால்ஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு பயிற்சி வகுப்பில். 'வகுப்பறையில் பாட்காஸ்ட்' என்று தலைப்புப் போட்டு, ஏசி அரங்கில் எங்களைக் காலை முதல் மாலை வரை உட்காரவைத்தார்கள். திரையில் எழுத்து எழுத்தாக ஓடியது. கேட்டல் திறன், கற்பனை வளம், இருபத்தோராம் நூற்றாண்டு. ஒரு பாட்காஸ்டைக்கூட ஒரு நிமிடம் யாரும் போட்டுக் காட்டவில்லை. ஸ்பீக்கர் ரிப்பேர் என்றார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அந்தச் சான்றிதழை நான்காக மடித்தேன்.

எங்கள் பள்ளி காந்தி மார்க்கெட்டுக்கு லாரி போகிற வழியில் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் வேகும். திறந்தால் ஹாரன். அறுபத்திரண்டு பிள்ளைகள். நாலாவது பெஞ்சுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பாதிப் பேர் புத்தகத்தைத் தொடுவதில்லை. சோம்பேறித்தனம் இல்லை. வெங்காயம் உரிக்க வேண்டும், பூ கட்ட வேண்டும், தம்பியைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். கைக்குத்தான் வேலை இருந்தது. காது சும்மா இருந்தது. பயிற்சியில் சொன்ன எதையும் நம்பாமல், இந்த ஒரு காரணத்துக்காக ஆரம்பித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் என் வாடகை வீட்டு மாடியறையில் ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, போனில் எட்டு நிமிடம் பேசி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். போர்வையை மீறி உற்சவ நாதஸ்வரம் உள்ளே வந்துவிடும். "மிஸ், ஹிட்லர் வர்றப்ப மேளம் அடிக்குது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்காஸ்ட் என்ற பெயர் அவர்களிடம் ஒட்டவில்லை. 'மிஸ் ஆடியோ' என்றார்கள்.

அந்தக் குழுவில் இருந்த எண்களில் ஒன்றுகூடப் பிள்ளைகளுடையது இல்லை. அம்மாவுடையது, அப்பாவுடையது, சிலருக்கு அண்ணனுடையது. அண்ணன் போன் என்றால் அவன் வீட்டுக்கு வந்து, மனசு வைத்துக் கொடுத்தால்தான் பாடம். தொழில்நுட்பம் கல்வியைச் சமமாக்குகிறது என்று மேடையில் சொன்னவரை ஒருநாள் அந்த அண்ணன்களிடம் போன் கேட்டு நிற்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள் ரிஸ்வானா என் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். அவள் கொடுத்திருந்தது உங்கள் எண். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அந்த எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"டீச்சர், நான் ரிஸ்வானா அம்மா பேசுறேன். அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா கேள்வி கேட்டுட்டு நீங்களே டக்குன்னு பதிலச் சொல்லிடுறீங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோவுது. கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்."

கோபம் வந்தது. நான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறவளை, வீட்டில் தைக்கிற ஓர் அம்மா சும்மா இருக்கச் சொல்கிறார். கோபம் தணிந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பாடத்தை ரிஸ்வானாவுக்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லவும் வாயைத் திறந்திருக்கிறீர்கள்.

அந்த வாரமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். சண்டை போட வந்தேனா, பார்க்க வந்தேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் புடவைகளை ஒதுக்கி இடம் பண்ணி, டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"எங்கத்தா, அதான் எங்கப்பா, சவுதில இருந்தாங்க டீச்சர். அப்பல்லாம் போன் ஏது? கேசட்டுல பேசித்தான் அனுப்புவோம். எங்கம்மா, 'சாப்பிட்டீங்களா, ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்டுட்டு அப்படியே நிறுத்திடுவாங்க. டேப்பு ஓடிக்கிட்டே இருக்கும். நான், 'ஏம்மா வீணாப் போவுது'ன்னா, 'அவரு பதில் சொல்ல வேணாமாடி'ம்பாங்க. எங்கத்தா லீவுல வந்தப்ப சொன்னாரு. ரூம்ல தனியா உக்காந்து கேசட்டு கேக்குறப்ப, அந்தச் சும்மா இருக்குற எடத்துல வாய்விட்டுப் பதில் சொல்லுவாராம். ரூம்ல இருக்குறவங்க சிரிப்பாங்களாம்."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாடத்தை மறுபடி பதிவு செய்தேன். "பருத்தி எந்த மண்ணில் நன்றாக விளையும்?" என்று கேட்டுவிட்டு ஐந்து வினாடி வாயை மூடிக்கொண்டேன். ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் அதை வகுப்பிலும் சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். முதல் இடைவெளியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதில் நாலைந்து குரல். பத்தாவது கேள்விக்கு அறுபத்திரண்டு பேரும் கத்தினார்கள். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்ன மிஸ் இது, சந்தை மாதிரி?"

"பக்கத்துலயே சந்தைதான மேடம். அதுக்கு இது தேவலாம்."

அந்தப் பதிலுக்காக என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். எழுதிக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற பெண் அன்று "கரிசல்" என்று கத்தியதையும் சேர்த்தே எழுதினேன்.

அதற்குப் பிறகு பதினொரு மணிக்குச் செய்தி வருவது வழக்கமாகிவிட்டது. வேகமாகப் பேசுகிறேன், இன்று சளி பிடித்த குரல், நேற்று சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், 'ஆகவே' என்பதைப் பதினாலு தடவை சொன்னேன். என் பாடங்களை எந்த அதிகாரியும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ரிஸ்வானா ஒருநாள் வகுப்பிலேயே புகார் சொன்னாள்: "மிஸ், நான் வீட்டுல ஆடியோ போட்டா எங்கம்மா எனக்கு முன்னாடி பதில் சொல்லிடுது. நான் எப்படி மிஸ் படிக்கிறது?" வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது பாஸ் பண்ணி, பத்தாவதில் அரையாண்டுப் பரீட்சை எழுதிய கையோடு உங்களுக்கு நிக்காஹ் ஆனது என்று பிறகு சொன்னீர்கள். கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். இதையெல்லாம் ஊசியில் நூல் கோத்தபடி, வேறு யாரோ ஒருத்தியின் கதை மாதிரிச் சொன்னீர்கள். எனக்குத்தான் எரிந்தது. "நீங்க தனியா பத்தாவது பரீட்சை எழுதணும்" என்றேன்.

"ரிஸ்வானா எழுதுற வருஷம் நானும் எழுதுறதா? கேக்குறவங்க சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கிறவங்க வந்து ஃபால்ஸ் தைப்பாங்களா?"

"தச்சா என் பொழப்பு போயிடும், வேணாம்" என்று சிரித்தீர்கள். பத்து நாள் கழித்து வந்த செய்தியில் மெஷின் சத்தம் இல்லை. "எழுதுறேன் டீச்சர். ஆனா அவருகிட்ட பாஸானதுக்கப்புறம்தான் சொல்லுவேன். நீங்களும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றீர்கள்.

மற்ற பாட டீச்சர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் ஒலிப்பாடம் பேசவைத்தேன். அறிவியல் டீச்சர் நன்றாகப் பேசினார். கணக்கை ஒலியில் நடத்த முடியாது என்று கணக்கு டீச்சர் சொன்னார். அது உண்மைதான். கணக்குக்கு மட்டும் சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு நானே வந்தேன். உங்களைவிடக் கொஞ்சம்தான் எனக்குக் கணக்குத் தெரியும். இருவருமாகத் தப்புப் பண்ணினோம். பாடுகிற மாதிரி ரிஸ்வானாதான் தப்பைச் சொல்லுவாள்.

இந்த ஒலிப்பாடத்தின் குறை உங்களிடம்தான் எனக்குப் பட்டது. கேட்டால் பத்து மார்க் கேள்விக்கு நிறுத்தாமல் பதில் சொல்வீர்கள். எழுதச் சொன்னால் அரைமணி நேரத்தில் ஆறு வரி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, "வாய் ஓடுது, கை நொண்டுது டீச்சர்" என்றீர்கள். பரீட்சை வாயைக் கேட்பதில்லை. விஷயம் தெரிந்த ஒருவரை, வேகமாக எழுதத் தெரியாததற்காகத் தெரியாதவர் பட்டியலில் வைக்கிற முறை இது. அதை மாற்ற என்னால் முடியாது. அதனால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பாடத்தை இரண்டு நிமிடம் கேட்பது, நிறுத்துவது, கேட்டதை எழுதுவது, மறுபடி ஓடவிடுவது. தீபாவளி அவசரத்துக்கு வந்த புடவைகள் ஒரு பக்கம் மலையாகக் கிடக்க, நீங்கள் ஒரு நோட்டை முடித்து இரண்டாவதை ஆரம்பித்தீர்கள். ஆறு வரி பதினைந்து வரி ஆனது. ஒருநாள் ஒரு பக்கம் ஆனது. அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "கை வலிக்குது, ஆனா தையல் வலி மாதிரி இல்ல" என்றீர்கள்.

டிசம்பரில் விண்ணப்பம் கொடுக்கப் போனோம். தனித்தேர்வர்களின் விண்ணப்பம் வாங்குவதற்கென்று ஒரு பள்ளியில் மேசை போட்டிருந்தார்கள். நீங்கள் புர்காவுக்குமேல் ஒரு புதுப் பையை மாட்டிக்கொண்டு, டி.சி., ஆதார், போட்டோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். மேசையில் இருந்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சயின்ஸ் செய்முறைப் பயிற்சிக்குப் பதிஞ்ச சீட்டு எங்கம்மா?"

"அது என்ன சார்?" என்றது நான்.

முதல்முறையாகத் தனியே எழுதுகிறவர்கள் வருட ஆரம்பத்திலேயே அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் அந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதை முடித்தவர்தான் பரீட்சைக்கு விண்ணப்பிக்க முடியும். எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கள் லேபிலேயே தானாக நடந்துவிடும். யாரும் யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு வருடம் பத்தாம் வகுப்பு எடுத்த எனக்கு, பள்ளிக்கு வெளியே நின்று பரீட்சை எழுதுகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்று ஒரு நாளும் தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை. கணக்கு தவிர நாலு பாடத்துக்கும் ஆடியோவுக்கு ஏற்பாடு செய்தேன். இதை விசாரிக்கவில்லை.

நான் கத்தினேன். "ஒரு வருஷமா ஒழைச்சிருக்காங்க சார். தச்சுக்கிட்டே படிச்சிருக்காங்க. இந்த ஒரு சீட்டுக்காகவா?"

அவர் கத்தவில்லை. "நீங்க டீச்சர்தானம்மா? அப்பவே நோட்டீஸ் எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பியாச்சே. உங்க போர்டுலயும் ஒட்டியிருப்பாங்க. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் மறக்காமப் பதியச் சொல்லுங்க."

ஒட்டித்தான் இருந்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். எங்கள் அறிவிப்புப் பலகையில், விளையாட்டு விழாப் பட்டியலுக்கு அடியில், முக்கால்வாசி மறைந்து, வெயிலில் மஞ்சளாகி இருந்தது அந்தத் தாள். தினமும் நான்கு தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஊரில் உள்ள அலட்சியத்தையெல்லாம் பட்டியல் போடுகிறவள் நான்.

அன்று ஆட்டோவில் திரும்பினோம். பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். மார்க்கெட் வளைவில் வண்டி நின்றபோதுதான் சொன்னீர்கள். சத்தமாகக்கூட இல்லை.

"நீங்க படிச்சவங்க டீச்சர். உங்கள நம்பி நான் விசாரிக்காம இருந்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி தலையாட்டினீர்கள்.

மூன்று வாரம் பதினொரு மணிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ரிஸ்வானாவிடம் கேட்டால், "அம்மாவுக்குத் தையல் நெறைய இருக்கு மிஸ்" என்றாள். ஒரு குரல் செய்தி பேசி, அழித்து, மறுபடி பேசி, அழித்தேன். பாடங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளமாக வரும் நீலக் குறி குழுவில் யாருக்கு வந்தது என்று தேடிப் பார்ப்பது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. பொங்கல் விடுமுறை முடிந்து ஒருநாள் உங்கள் குரல் வந்தது.

"மறுபடி வேகமாப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. யாரு தொரத்துறாங்க? ... சரி, சனிக்கெழம வர்றீங்களா? கணக்குல வட்டம் மறந்துபோச்சு. அப்புறம் ஒண்ணு. அடுத்த வருஷம் பதியுறத நான் பாத்துக்கிறேன். நீங்க வட்டத்த மட்டும் பாருங்க."

இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த மார்ச்சில் ரிஸ்வானா நீங்கள் இல்லாமல் பரீட்சை எழுதி, நல்ல மார்க்கோடு பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள். புதுப் பள்ளி வருட ஆரம்பத்தில், உங்களிடமிருந்து பேச்சில்லாமல் ஒரு படம் மட்டும் வந்தது. செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்த சீட்டு. நீங்களே தனியாகப் போய், கேட்டு, நின்று வாங்கியிருந்தீர்கள். பயிற்சி சனிக்கிழமைகளில், ஏதோ ஒரு பள்ளி லேபில், பெயிலான பையன்களோடு. முதல்நாள் போய்விட்டு வந்து நீங்கள் பேசிய செய்தி நான்கு நிமிடம்.

"எல்லாம் மீச மொளைக்கிற பசங்க டீச்சர். என்னப் பாத்ததும் டீச்சர் வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு நிக்குறானுங்க! ஒக்காருங்கடா, நானும் ஒங்க செட்டுதான்னேன். அப்புறம் அந்த திருகு அளவின்னு ஒண்ணு குடுத்தாங்க, கம்பி எவ்வளவு தடிமன்னு பாக்குறது. பசங்க தெணறுறானுங்க. நான் மொதத் தடவையே சரியாச் சொன்னேன். நூல்லயே பொழைக்கிறவளுக்குக் கம்பி தெரியாதா? அந்த சாரு, 'எங்கம்மா கத்துக்கிட்டீங்க'ன்னாரு."

பயிற்சியை ஒருநாள் விடாமல் முடித்தீர்கள். விண்ணப்பமும் போட்டாயிற்று. தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தைத்தீர்கள், எழுதினீர்கள். கண்ணாடியின் பவர் கூடியிருக்கும் என்று நினைத்தோம். நானும்தான். ஒருதடவைகூட யாரும் உங்கள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்ததில்லை. உங்கள் சந்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் பார்த்ததில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, அடுப்படியில் விழுந்தீர்கள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பிறகு முடிந்துவிட்டது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களை எடுத்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ரிஸ்வானா என் தோளில் முகத்தை வைத்திருந்தாள். மெஷின்மேல் யாரோ ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

எனக்குக் கணக்கு சுமார்தான், ஆனால் இந்தக் கணக்கு வரும். அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை நகர்த்திப் பார்த்திருந்தால் முந்தின வருடமே நீங்கள் எழுதியிருப்பீர்கள். பாஸாகியிருப்பீர்களா என்று தெரியாது. கணக்கில் வட்டம் உங்களைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு இருந்தது அந்த ஒரு மார்ச்தான். அதைத் தவறவிட்டது நான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் கணவர் வரும்வரை. நாற்பதாம் நாள் துவா முடிந்து, குவைத்துக்குத் திரும்புவதற்கு முன்னால், ரிஸ்வானாவை அழைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு போன். மர நிழலில் நின்று பேசினோம்.

"ஒங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் போனை எடுத்து ஒன்றை ஓடவிட்டார். உங்கள் குரல். பின்னால் லேசாக என் குரலும் ஓடிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று. என் பாடத்தைக் கேட்டுக்கொண்டே, அதை அவருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "அரபிக்கடல் பக்கமிருந்து காத்து மழையக் கொண்டாருதாம். நீங்க இருக்குற பக்கம்தான். ஆனா நம்மூருக்கு வந்து சேராதாம், நடுவுல மலை நிப்பாட்டிருதாம். நீங்க அனுப்புறதெல்லாம் இப்படித்தான் வழியிலயே நின்னுருது."

அவர் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வண்டி ஓட்டுறப்ப கேப்பேன் டீச்சர். ஒட்டகமும் மணலும்தான் பாக்க இருக்கு. ஏழாவதோட நின்னவன் நான். ஒரு வருஷமா வாரத்துக்கு ரெண்டு மூணு அனுப்புவா. பரீட்சை எழுதப்போறத மட்டும் மொதல்ல சொல்லல. எனக்கா தெரியாது? சும்மாவா ஒருத்தி மண் வகையெல்லாம் சொல்லிக்கிட்டிருப்பா?"

அப்போதுதான் சொன்னேன். பதிவுச் சீட்டு, பலகை, மஞ்சள் தாள், போன வருடம். நிறுத்தாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றார். "அதுக்கு மட்டும் மறைக்க முடியல அவளால. டிசம்பர்ல ஒருநாள் போன் பண்ணி, ஒண்ணுமே பேசாம அழுதா. சாயங்காலம் வரைக்கும் மறுபடி மறுபடி பண்ணி அழுதா. யாரோ மவுத்தாயிட்டாங்கன்னு பயந்துபோய் வண்டிய ஓரங்கட்டிட்டேன். கடைசில, பரீட்சை எழுத முடியலங்கன்னா. நான், 'டீச்சர் நம்பர் குடு, கேக்குறேன்'னேன். வேணாம்னுட்டா. 'அந்தப் பொண்ணுக்கு நான் அழுதது தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆடியோ போடுறத நிறுத்திடும்'னா."

ரிஸ்வானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "அம்மாவுக்குத் தையல் நெறைய இருக்கு மிஸ்."

என் போனில் உங்கள் குரல் எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருக்கிறது. சளி, வேகம், 'ஆகவே', திருகு அளவி, எல்லாம் இருக்கிறது. அந்த அழுகை அதில் இல்லை. எனக்குக் கேட்கக் கூடாது என்று நீங்கள் ஒளித்துவைத்ததைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை இறக்கிவைக்க ஆறுதல் எதுவும் தேடவில்லை. குவைத்தில் உங்கள் கணவருக்கும் இப்போது வாரம் இரண்டு பாடம் அனுப்புகிறேன், அது வேறு. நீங்கள் எழுதாமல் போன பரீட்சைக்கு அது ஈடாகாது.

மணி அடிக்கப்போகிறது. இந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் குழுவில் ஓர் ஆடியோ போட்டேன். அதில் வரலாறும் இல்லை, புவியியலும் இல்லை. தனியாகப் பத்தாவது எழுத எங்கே போக வேண்டும், எந்தத் தாளெல்லாம் வேண்டும், செய்முறைப் பயிற்சிக்குப் பதியக் கடைசி நாள் எது என்று மூன்று நிமிடம் பேசினேன். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்கு அனுப்பினேன். இரண்டு அம்மாக்கள் பதில் போட்டார்கள். ஒருவர் மார்க்கெட்டில் வெங்காயம் உரிக்கிறவர். இன்னொருவர் திருவானைக்காவலில் நாலு வீட்டில் சமைக்கிறவர். நாளை அரைநாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். அவர்களோடு நானும் வரிசையில் நிற்பேன். இரண்டு சீட்டும் அவர்கள் கைக்கு வரும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.